ஒரு சாண் ஸ்பிரிங் கம்பி

சைக்கிள் சில்லில் ஒரு கம்பி உடைந்தால், கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "நேத்து அந்தக் குழிக்குள்ள விட்டிட்டன், டக்கெண்டு போயிட்டு." முப்பது வருடமாக நான் இதற்குத் தலையாட்டியது கிடையாது. குழி உடைக்கவில்லை ஐயா, சில்லு சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி, கழுத்து வளைகிற இடத்தில் மயிரளவு வெடிப்பு விழுகிறது. வெடிப்பு யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. உங்கள் குழி பாவம், கடைசியில் வந்து பழியைச் சுமக்கிறது. இப்படி ஒரு பிரசங்கமே வைப்பேன். அவசரமாக வேலைக்குப் போகிறவனைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வேன். எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெரிய எண்ணம்.

அப்படிப்பட்ட நான்தான் என் அக்காவின் புருசனிடம் போய், கம்பி உடையாது என்று சொன்னேன். அதுவும் ஒரு தடவை இல்லை.

என் கடை ஆரையம்பதியில், கல்முனை றோட்டோரம். முன்னால் ஒரு தகரப் பத்தி, பின்னால் சாமான் அறை, அவ்வளவுதான். சைக்கிளும் பார்ப்பேன், மோட்டார் சைக்கிளும் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் அப்பா கட்டிய வீடு அக்காவுக்கு, நான் என் மனைவியின் வீட்டில், இரண்டு ஒழுங்கை தள்ளி. அத்தான் குருக்கள்மடத்துக்காரர். கலியாணம் முடித்து அக்கா வீட்டுக்கு வந்தவர். வந்த மறுநாளே வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரை எவ்வளவு தூரம் என்று காலால் அளந்து பார்த்தார் என்று அக்கா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாள் என்று எழுதிவிட்டேன். முன்பு சிரித்தாள்.

அத்தானுக்குத் தொழில் வாவியில். ஒற்றை ஆள் தோணி, வீச்சு வலை. இறாலும் திரளி மீனும்தான் பெரும்பாலும். அந்தத் தோணி ஒடுக்கமானது. அதில் இருக்க ஒரு விதம் உண்டு. வலது காலை முழங்காலோடு மடித்து, குதிக்காலைப் பின்புறத்துக்குக் கீழே வைத்து, அதன் மேலே உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி இருக்க வேண்டும். இடது கால் முன்னால் நீண்டு தோணியின் பக்கத்தை மிதித்துக்கொண்டிருக்கும். உடம்பு பதிவாக இருந்தால்தான் தோணி ஆடாது. வலை வீச எழும்பி நிற்பார், வீசியதும் பழையபடி மடிந்து இருப்பார். ஒரு காலையில் எத்தனை தரம் எழும்பி எத்தனை தரம் மடிவார் என்று யார் எண்ணினார்கள்? பதினாறு வயதில் தொடங்கியவர். எப்போதும் அதே வலது கால்.

அந்தக் காலில்தான் வருத்தம் வந்தது. சுருட்டு குடிப்பார், சீனி வருத்தமும் இருந்தது. முதலில் நடந்தால் கெண்டைக்கால் இறுகி நோகும் என்றார். பிறகு கடைக்கு வருகிற வழியில் மூன்று இடத்தில் நின்று வந்தார். பிறகு சின்ன விரலில் ஒரு புண், ஆறவே இல்லை, ஓரம் கறுத்தது. இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் காட்ட, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். நானும் அக்காவும் கூடப் போனோம். அங்கே கவட்டுக்குள்ளால் கம்பி விட்டு, முழங்காலுக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த இரத்தக் குழாயை விரித்து, அதற்குள் ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் டொக்டர் கட்டிலடிக்கு வந்து தன்னுடைய போனில் ஒரு படத்தைக் காட்டினார். மெல்லிய கம்பியால் பின்னிய ஒரு சின்னக் குழாய். அத்தான் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"வலை மாதிரி இரிக்கே டொக்டர்."

"வலைதான் ஐயா. இது வளைச்சா தானா நிமிருற உலோகம். ஆனா நாங்க வைச்சிருக்கிற இடம் முழங்கால் மடியிற இடம். அங்க வழமையா வைக்கிறதில்ல. பலூனால விரிச்சுப் பாத்தம், உடனே திரும்ப மூடிக்கொள்ளுது. பெரிசா வெட்டித் தைக்க உங்கட இருதயம் தாங்காது. வேற வழியில்லாமல்தான் வைச்சம்."

"வலை எண்டா பொத்தல் விழுமே?"

டொக்டர் சிரிக்கத் தொடங்கி, அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "விழலாம். ஒவ்வொரு தரம் முழங்கால் மடியேக்கையும் அது நசியும், முறுகும். நிமிர்ந்தாலும் களைச்சுப்போகும். நீங்க நல்லா நடங்க. குந்தி இருக்காதீங்க, சம்மணம் கட்டாதீங்க. காலை மடிச்சு அதுக்கு மேல இருக்கிறது அறவே கூடாது."

"எத்தினை தரம் தாங்கும்?"

"அதை ஒருத்தரும் சொல்ல ஏலாது ஐயா."

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். உலோகம் களைத்துப்போகும் என்று அவர் சொன்னபோது, இந்த மனிசனுக்குத் தொழில் தெரியும் என்று மனதுக்குள் ஒரு மதிப்புக்கூட வந்தது.

புண் ஆறியது. அத்தான் நன்றாக நடந்தார். நாலு மாதம் டொக்டர் சொன்னபடியே இருந்தார். கக்கூசுக்கு உயரமான இருக்கை போட்டுக் கொடுத்தேன். செத்த வீடுகளில் ஆம்பிளைகள் எல்லாம் பாயில் இருக்க இவர் மட்டும் கதிரையில் இருந்தார். வயதில் மூத்தவர்கள் கீழே இருக்கும்போது மேலே இருக்கிறது அவருக்குக் கூச்சம், பத்து நிமிடத்தில் எழும்பி வந்துவிடுவார். தோணியைக் கரையில் கவிழ்த்து ஓலை போட்டு மூடியிருந்தது. பகல் முழுக்க வளவின் பின்வேலியடியில் நின்று வாவியைப் பார்ப்பார்.

"இந்த மனிசன் நிண்டு நிண்டு தேயுது தம்பி," என்றாள் அக்கா கடைக்கு வந்து. "பறைஞ்சா மறுமொழி இல்ல. சோத்தைப் பிசைஞ்சுபோட்டு ஒழும்பிப் போறார். எனக்கு விசர் பிடிக்கும் போல இரிக்கு. நீ ஏதும் ஒரு வழி பண்ணேன்."

அக்கா அப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா. தோணிக்கு ஒரு இருக்கை செய்தேன். வேப்பம் பலகை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம், மேலே பழைய மோட்டார் சைக்கிள் சீட்டின் பஞ்சு. கால் மடிக்கத் தேவையில்லை, கதிரையில் இருக்கிற மாதிரி இருந்து போகலாம். இரண்டு நாள் கடையை விட்டுவிட்டு அதைச் செய்தேன். தோணிக்குள் ஆணி அடிக்காமல், நட்டுப் போட்டு இறுக்கி, கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்தது எனக்குப் பெரிய பெருமை.

அத்தான் ஏறி இருந்தார். பத்துப் பாகம் தூரம் போனார். வலையை எடுத்து எழும்பினார், தோணி ஒரு பக்கம் சாய்ந்தது, திரும்ப இருக்கப் பார்த்தார், உயரத்தில் இருந்த உடம்பு மற்றப் பக்கம் இழுத்தது. வலையும் ஆளும் இருக்கையும் தண்ணீருக்குள். இடுப்பளவு தண்ணீர்தான், ஆபத்து ஒன்றுமில்லை. கரையில் நின்ற நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன மெக்கானிக், தோணிக்கு ஸ்டாண்ட் போட மறந்திட்டியளோ?"

"ரெண்டு பக்கமும் சின்னச் சில்லுப் பூட்டி விடுங்க, குழந்தைப்பிள்ளைட சைக்கிள் மாதிரி."

அத்தானும் சேர்ந்து சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. காது இரண்டும் சுட்டது. பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அத்தான் கடைக்கு வந்தார். காத்தான்குடியில் இருந்து வந்த இரண்டு பேர் டியூப் ஒட்டுவதற்காக நின்றார்கள். ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம், பேச்சுக்கு ஆள். அத்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"மச்சான், அந்த டொக்டர் படிச்ச மனிசன், நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா கம்பி எண்டா இந்த ஊரில உன்னட்டத்தான் கேக்கணும். நீ சொல்லு. மடிச்சா அது ஒடையுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல் நாள் கரையில் கேட்ட சிரிப்பு இன்னும் என் காதுக்குள் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டொக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லியிருக்கலாம். என் பிரசங்கத்தையே அவருக்கும் வைத்திருக்கலாம், நாளும் பொழுதும் ஊரானுக்கு வைக்கிறதுதானே. நான் எழும்பிப் போய், கேபிள் உறைக்குள் அழுக்குக் குத்துவதற்கு வைத்திருந்த மெல்லிய ஸ்பிரிங் கம்பியை எடுத்து வந்தேன். ஒரு சாண் நீளம். இரண்டு நுனியையும் பிடித்து வட்டமாக வளைத்தேன். விட்டேன். கம்பி துள்ளி நிமிர்ந்து நேராக நின்றது.

"பாத்தீங்களா? இதுதான் உங்கட காலுக்குள்ள இரிக்கிற சாமான். இதை விடவும் திறம். மடியும், நிமிரும். மடியிறதுக்கெண்டே செஞ்சது."

"அப்ப ஒடையாது?"

"ஒண்டும் ஆகாது அத்தான். நீங்க போங்க."

பழக்கமான காத்தான்குடிக்காரர் "அப்ப என்ன, மெக்கானிக்கே சொல்லிட்டாரு," என்றார். அத்தான் கம்பியை என் கையிலிருந்து வாங்கி, தானும் மூன்று தரம் வளைத்து விட்டுப் பார்த்தார். மூன்று தரமும் நிமிர்ந்தது. "இதைத் தா," என்று சொல்லி வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரமே தோணியை நிமிர்த்திவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைக்கத்தான் எனக்கு ஆகக் கூடிய கஷ்டம். ஏனென்றால் அவ்வளவு நல்ல மாதங்கள். அத்தானுக்கு முகத்தில் நிறம் வந்தது. வாரத்துக்கு ஒரு தடவையாவது என் வீட்டுக்கு இறால் வரும், பெரிய இறாலாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்புவார். சுருட்டையும் குறைத்திருந்தார். கிளினிக் நாள் இரண்டு வந்து போனது. இறால் படுகிற நேரம், கால் நல்லாத்தானே இரிக்கு என்று அவர் போகவில்லை. நானும் ஓம் என்றேன். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், நீதான்டா தம்பி அந்த மனிசனைத் திரும்பத் தந்தாய் என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அந்தக் கம்பியைப் பற்றி அக்காதான் சொன்னாள். வெற்றிலை போடும் நேரமெல்லாம் அதை எடுத்து மடித்து மடித்துப் பார்ப்பாராம். தோணியில் இருந்தும் பார்ப்பாராம். வலையை வீசிவிட்டுக் காலை மடித்து இருந்ததும் முதல் வேலை அதுதான். கம்பி நிமிர்ந்தால் கால் நல்லாயிருக்கிறது என்று அவருக்குக் கணக்கு. "உன்னை நம்பி இரிக்கிற ஆள்," என்றாள். நான் சிரித்தேன்.

ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு நாள் மத்தியானம், கடையில் ஒருத்தரும் இல்லாத நேரம், அத்தான் வந்தார். வலை வீசிய ஈரம் இன்னும் இடுப்புச் சாரத்தில் இருந்தது. வெற்றிலைப் பையை அவிழ்த்து, உள்ளங்கையை நீட்டினார். கம்பி இரண்டு துண்டு.

"ஒடஞ்சிட்டு மச்சான்."

நான் ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உடைந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும், ஆனாலும் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பக்கம் கறுப்பாக, மழுங்கலாக இருந்தது. அது பழைய வெடிப்பு, எப்போதோ தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போனது. மிச்சம் பளபளவென்று புதிதாக இருந்தது. அது கடைசி மடிப்பில் அறுந்தது. ஆயிரம் சில்லுக் கம்பியில் இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காத்து அத்தான்," என்றேன். "தோணியில வைச்சா துருப்பிடிக்கும்தானே. துரு திண்டிட்டு. காலுக்குள்ள இரிக்கிறது துருப்பிடிக்காத சாமான்."

கடைசியாகச் சொன்னது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் பொய்யை நிறுத்தினேன். உள்ளே போய், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றை அதே நீளத்துக்கு வெட்டி, நுனியை அரத்தால் ராவிக் கொடுத்தேன். "இது ஒடையாது, பாருங்களேன்."

அவர் அதை வளைத்துப் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "ஓம்," என்றார். பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் கூப்பிடவில்லை. கிளினிக்குக்குப் போய் ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் அத்தான், நானும் வாறன் என்று சொல்ல ஒரு மூச்சுக் காற்றுப் போதும். ஏன் சொல்லவில்லை? சொன்னால் முதல் சொன்னது பொய் என்று ஆகும். வேறு காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மழை முடிந்து, வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டி, தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலையில் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, கெதியா வா. கால் மரக்கட்டை மாதிரிக் கிடக்கு. தொட்டா பச்சைத் தண்ணி மாதிரிக் குளிருது. அவருக்கு விரல் அசையுதில்ல."

போய்ப் பார்த்தபோது பாதம் மெழுகு நிறத்தில் இருந்தது, அங்கங்கே நீலம். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நோவு தொடங்கி ஒரு இரவு போயிருந்தது. விடியட்டும், பேசாம இரி என்று அக்காவை அடக்கியிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றி இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அங்கிருந்து அம்புலன்சில் அந்த வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் கடந்துவிட்டது.

முதலில் வைத்த அதே டொக்டர்தான் இருந்தார். எக்ஸ்ரேயைக் கம்பியூட்டரில் போட்டு எங்களைக் கூப்பிட்டார். முழங்கால் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் அந்த வலை. அவர் விரலால் காட்டுவதற்கு முன்பே நான் கண்டுவிட்டேன். கால் மடிகிற அதே மட்டத்தில் வலை இரண்டாகக் கிடந்தது. மேல் துண்டு கொஞ்சம் விலகி, கீழ்த் துண்டின் கம்பி நுனிகள் குழாயின் சுவருக்குள் குத்திக்கொண்டிருந்தன. அந்த இடைவெளியில் இரத்தம் உறைந்து அடைத்து, கீழே ஒரு துளியும் போகவில்லை என்றார்.

"மடிச்சு இருந்தவரா?"

"தோணியில போனவர்," என்றேன்.

"நான் தெளிவாச் சொன்னனே."

அக்கா அழுதுகொண்டு முந்திவிட்டாள். "நானும் சொன்னன் டொக்டர். எத்தினை தரம் சொன்னன். அந்த மனிசன் ஒருத்தர்ட சொல்லும் கேக்கிறதில்ல."

அவள் சொன்னது உண்மை இல்லை. அவள் சொல்லவே இல்லை, எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். புருசன் திரும்பி வந்த சந்தோசத்தில் இருந்தவள் அவள். பழி எங்கேயாவது போய் விழ வேண்டும், அவள் அதை அவர் தலையில் போட்டாள். நான் அதைத் திருத்தவில்லை. நான்தான் போகச் சொன்னேன் டொக்டர் என்று சொல்ல வாய் வந்தது, எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. நான் சைக்கிள் கடைக்காரன் என்பது அவருக்குத் தெரியாது.

கரைக்கிற மருந்து ஏற்றினார்கள். திரும்பக் கம்பி விட்டுப் பார்த்தார்கள், உடைந்த இடத்தைத் தாண்டிப் போகவில்லை. பாதம் கறுத்து, கறுப்பு கெண்டைக்கால் வரைக்கும் ஏறியது. மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். கடதாசியில் அக்கா கையெழுத்துப் போட்டாள், எந்த இடத்தில் போடுவது என்று விரல் வைத்துக் காட்டியது நான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் நான் அவரை நேராகப் பார்க்கவில்லை. போவேன், அக்காவிடம் சாமான் கொடுப்பேன், கடையில் ஆள் நிற்குது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அந்தத் தோணியை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். என் கடையில் அந்த வேப்பம் பலகை இருக்கை சுவரோரம் சாத்திக் கிடந்தது. ஒரு நாள் அதைக் கோடாரியால் கொத்தி அடுப்புக்குக் கொடுத்தேன். அதனால் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

தேற்றாத்தீவில் ஒரு வீட்டில், செத்துப்போனவர் ஒருவர் பாவித்த வீல்செயார் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் எடுத்து வந்தேன். ஒரு சில்லில் இரண்டு கம்பி உடைந்திருந்தது. இரண்டை மாற்றினால் போதும். நான் இரண்டு சில்லையும் கழற்றி, எல்லாக் கம்பியையும் எடுத்து எறிந்துவிட்டு, புதுக் கம்பி கோத்து, ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டு இறுக்கினேன். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போனது. மறுநாள் காலை அதை உருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அத்தான் பின்வளவில், ஈரப்பலா மரத்தின் கீழே கதிரையில் இருந்தார். சாரத்தின் வலது பக்கம் தட்டையாகக் கிடந்தது. அக்கா குசினிக்குள் இருந்து வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி வீல்செயாரில் வைத்தோம். அவர் சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "ஆட்டம் இல்ல," என்றார். அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனாள். நான் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பிரேக்கைத் திருகுகிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் துணிவில்லை. சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அத்தான், அந்தக் கம்பி துருவால ஒடையல்ல."

சில்லில் இருந்த அவருடைய கை விலகியது.

"மடிச்சு மடிச்சுத்தான் ஒடஞ்சது. எனக்கு அண்டைக்கே தெரியும். முதல் நாளும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னன்."

வெற்றிலைப் பையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் அவருடைய கை வந்தது. கையில் நான் கொடுத்த இரண்டாவது கம்பி. நுனியில் அரம் ராவிய அடையாளம்கூட அப்படியே இருந்தது. எங்கேயும் ஒரு வளைவு இல்லை, ஈர்க்கு மாதிரி நேராக இருந்தது.

"இதை ஒரு தரமும் மடிக்கல்ல," என்றார்.

"ஏன்?"

"மடிச்சா ஒடைஞ்சிரும் எண்டு தெரியும்தானே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருக்குக் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. வேலிக்கு அங்கால் வாவியில் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தான், அவர் அதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் இந்த வாவியை விடமாட்டன் மச்சான். எனக்கு நானே சொல்லி என்னால நிக்க ஏலாது. ஒடஞ்ச கம்பியக் கொண்டு உன்னட்ட வந்தது என்னத்துக்கெண்டு நினைக்காய்? நீ ஒரு வார்த்தை, ஒடையும் அத்தான், போகாதீங்க எண்டு சொன்னா, அதைச் சாட்டா வைச்சுக்கொண்டு அண்டைக்கே தோணியக் கவுத்துப் போட்டிருப்பன். அதைக் கேக்கத்தான் வந்தன். நீ புதுசு வெட்டித் தந்தாய்."

கம்பியை என் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, சில்லில் கை வைத்து வேலிப் பக்கம் உருட்டத் தொடங்கினார். அக்கா தேத்தண்ணியோடு வந்து, என்னடா தம்பி, ஒழும்பேன் என்றாள். நான் இரண்டு முழங்காலும் மடிந்தபடி அந்த இடத்திலேயே இருந்தேன்.